'ம்' என்பது பதில் ஆகுமா?

மின்சாரம் போனால்தான் எங்கள் ஆச்சிக்குக் கதை வரும். திருநெல்வேலிப் பக்கத்து ஓட்டு வீடு. திண்ணையில் பாய், ஆச்சி கையில் பனையோலை விசிறி. கதைக்குக் கட்டணம் ஒன்றுதான்: கேட்கிறவன் 'ம்' கொட்டவேண்டும். இரண்டு வாக்கியத்துக்குள் 'ம்' வரவில்லை என்றால் விசிறி நின்றுவிடும். "ஏல, தூங்கிட்டியா?" என்பாள். "இல்ல ஆச்சி" என்று சொன்னால் மட்டும் போதாது. விட்ட இடத்தில் ஒரு 'ம்' போட்டால்தான் கதை மறுபடி நகரும்.

பத்து வயதில் எனக்கு ஒரு விஷமம் தோன்றியது. ஆச்சியின் குரல் எங்கே தாழ்ந்து இறங்குகிறதோ அங்கே ஒரு 'ம்' விழுந்தால் போதும், கதையைக் கேட்கவேண்டியதே இல்லை என்று கண்டுபிடித்திருந்தேன். அன்றைக்கு முற்றத்துக்கு மேலே தெரிந்த நட்சத்திரங்களை எண்ணிக்கொண்டே 'ம்', 'ம்' என்று போட்டுவந்தேன். ஆச்சி நிறுத்தவில்லை. ஆனால் கதை கெட்டுப்போனது. வழக்கமாகப் புளியமரத்திலிருந்து பேய் இறங்குவதற்கே ஐந்து நிமிடம் பிடிக்கும். கால் ஒரு கிளையில், தலைமயிர் ஒரு கிளையில் என்று. அன்று ஒரே வாக்கியத்தில் இறங்கிவிட்டது. முடிவில் "பேய் ஓடிப்போச்சு" என்றவள், என்னிடமிருந்து வழக்கமான 'ஐயோ'வோ சிரிப்போ வராததால், "அவன் இடுப்புல இரும்புச் சாவி இருந்துதுல்லா, அதான் ஓடிச்சு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "இரும்புன்னா பேய்க்கு ஆகாது" என்று இன்னொரு தடவையும் சொன்னாள். பேய்க்கதைக்கு விளக்கவுரை எழுதுகிற நிலைமை ஆச்சிக்கு அதற்கு முன் வந்ததில்லை.

அன்றைக்குக் கதைதான் சரியில்லை என்று எனக்குப் பட்டது. சரியில்லாதது கேட்டவன்தான் என்று தெரிய, வெகுகாலம் கழித்து ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படிக்கவேண்டியிருந்தது.

கனடாவில் விக்டோரியா பல்கலைக்கழகத்து உளவியலாளர் ஜேனட் பவேலாஸ், தம் சகாக்கள் இருவருடன் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை அது. முன்பின் அறியாத இருவரை எதிரெதிரே உட்காரவைத்தார்கள். ஒருவர், தன் வாழ்க்கையில் மயிரிழையில் தப்பிய ஒரு சம்பவத்தைச் சொல்லவேண்டும். மற்றவர் கேட்கவேண்டும். கேட்பவர்களில் ஒரு சாராருக்கு மட்டும் இன்னொரு வேலை கொடுத்தார்கள்: சொல்பவர் வாயிலிருந்து ஆங்கில 't' எழுத்தில் தொடங்கும் சொல் வரும்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்தவேண்டும். ஏற்பாட்டின் சூட்சுமம் இதில் இருக்கிறது. இவர்கள் கவனமில்லாதவர்கள் அல்ல. ஒரு சொல்லையும் விடாமல் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தவர்கள். சொற்களையெல்லாம் கேட்டார்கள், கதையை மட்டும் கேட்கவில்லை.

இவர்களுக்குச் சொல்லப்பட்ட கதைகள் மோசமாக அமைந்தன. அதிலும் உச்சக்கட்டத்தில்தான் அதிகம் சொதப்பின. சொல்பவர்கள் திக்கினார்கள், முடிவைச் சுற்றிச்சுற்றி வந்தார்கள். அது ஏன் ஆபத்தான கட்டம் என்று தாங்களே விளக்கம் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஆச்சியின் இரும்புச் சாவி போல.

பவேலாஸ் குழு, கேட்பவரின் மறுமொழிகளை இரண்டாகப் பிரித்தது. 'ம்', 'ஆமா', தலையசைப்பு போன்றவை ஒரு வகை. எந்தக் கதைக்கும் எந்த இடத்திலும் பொருந்தும். இன்னொரு வகை, கதையின் அந்த நொடிக்கு மட்டுமே பொருந்துவது: "ஐயையோ!" என்பது, முகம் சுளிப்பது, பேச்சாளர் தேடுகிற சொல்லை எடுத்துக்கொடுப்பது. பொத்தான் அழுத்தியவர்களிடம் இந்த இரண்டாம் வகை ஏறக்குறைய அற்றே போய்விட்டது. கதை சொல்பவருக்கு ஊட்டம் கொடுப்பது அதுதான். அதனாலேயே அந்தக் கட்டுரை, கேட்பவரை உடன்கதைசொல்லி என்றே அழைக்கிறது.

இந்தச் சிற்றொலிகளுக்கு மொழியியலில் ஒரு பெயர் உண்டு. அமெரிக்க மொழியியலாளர் விக்டர் இங்வே 1970-இல் வைத்தது. தமிழில் 'பின்வழி' எனலாம். பேச்சு ஒரு வழியில் போகிறது, அதற்கு எதிர்த்திசையில் இன்னொரு சின்ன வழி திறந்திருக்கிறது என்ற கருத்து. பெயர் பரவாயில்லை. ஆனால் தென்மாவட்டத்துக் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்கள் இதைவிட நல்ல பெயராகவே வைத்திருப்பார்கள். அங்கே தலைமைப் பாடகர் ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போடுகிறார். அதுவே ஒரு பொறுப்பு. வெறும் 'ஆமா' அல்ல: வியப்புக்கு ஒரு 'ஆமா', கிண்டலுக்கு ஒரு 'ஆமா', "அப்புறம் என்ன ஆச்சு?" என்று தள்ளிவிடுகிற ஒரு 'ஆமா'. ஆள் சரியில்லை என்றால் கதை படுத்துவிடும் என்பது கலைஞர்களுக்குத் தெரியும். அதனால் கேட்பவர் ஒருவரை மேடையிலேயே உட்காரவைத்துவிட்டார்கள்.

*

கம்பெனிகளில் நடக்கும் 'கம்யூனிகேஷன்' பயிற்சி வகுப்பு ஒன்றில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். பயிற்சியாளர் முதல் அரைமணி நேரத்துக்குள் அந்தப் புகழ்பெற்ற கணக்கைத் திரையில் போட்டார்: நாம் உணர்த்துவதில் 7 சதவீதம்தான் சொல், 38 சதவீதம் குரல், 55 சதவீதம் முகமும் உடலும். பிறகு எல்லோரும் சற்று முன்னால் சாய்ந்து, கண்ணைப் பார்த்து, மூன்று விநாடிக்கு ஒரு முறை தலையாட்டப் பழகினோம்.

அந்தக் கணக்கின் பிறப்பிடம் உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகள். அவற்றில் உரையாடலே கிடையாது. ஒற்றைச் சொற்களைப் பல தொனிகளில் பதிவுசெய்து ஒலிக்கவிட்டார்கள். முகங்களின் படங்களைக் காட்டினார்கள். பேசுபவருக்கு எதிராளியைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று ஊகிக்கச் சொன்னார்கள். சொல்லும் தொனியும் முரண்பட்டால் மனிதர் எதை நம்புவார் என்பதுதான் கேள்வி. அதற்கு மட்டுமே அந்த எண்கள். பேச்சில் 93 சதவீதம் சொல்லே இல்லை என்றால், கொரியப் படத்தைச் சப்டைட்டில் இல்லாமல் பார்த்துவிட்டு வந்து கதை சொல்ல முடியவேண்டும்.

எனக்கு உறுத்துவது அதைவிடத் தலையாட்டும் பயிற்சிதான். அது ஆச்சியிடம் நான் செய்த வித்தை. கேட்பதுபோல் காட்டுவதற்குப் புரிதல் தேவையே இல்லை. ஆய்வாளர்கள் நைஜல் வார்டும் வதாரு ட்ஸுகஹாராவும் 2000-இல் ஆங்கில, ஜப்பானிய உரையாடல்களைப் பிரித்துப் பார்த்தபோது, 'ம்' விழும் இடத்தை முன்கூட்டியே காட்டும் ஓர் அடையாளம் கிடைத்தது: பேசுபவரின் குரல் தாழ்ந்த சுருதியில் சுமார் 110 மில்லி விநாடி நின்றால், அடுத்து ஒரு 'ம்' எதிர்பார்க்கலாம். பொருள் எதையும் பார்க்கவில்லை, சுருதி ஒன்றுதான் கணக்கு. வார்டு இந்த விதியை வைத்துக் கணினியையே 'ம்' கொட்டவைத்தார். ஒரு சொல்லும் புரியாத இயந்திரத்தால் முடிகிற காரியத்துக்கு நாங்கள் ஒரு முழுநாள் பயிற்சி எடுத்தோம், மதியச் சாப்பாட்டுடன்.

*

சரி, கவனமாக உட்கார்ந்தாலும் கேட்பது ஏன் இவ்வளவு சிரமம்? விடை கடிகாரத்தில் இருக்கிறது.

நெதர்லாந்தின் நைமேகன் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தைச் சேர்ந்த டான்யா ஸ்டிவர்ஸும் சகாக்களும் 2009-இல் பத்து மொழிகளின் இயல்பான உரையாடல்களை அளந்தார்கள். ஆம்-இல்லை வகைக் கேள்வி முடிந்து பதில் தொடங்குவதற்குள் எவ்வளவு இடைவெளி? சராசரியாகச் சுமார் 200 மில்லி விநாடி, அதாவது விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஜப்பானியர்கள் ஏறக்குறைய இடைவெளியே விடுவதில்லை. டேனிஷ்காரர்கள் அரை விநாடிக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொள்கிறார்கள். பத்து மொழியும் இந்த அரை விநாடிக்குள் அடங்கிவிடுகின்றன.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு படத்தைக் காட்டி அதன் பெயரைச் சொல்லச் சொன்னால், மூளை அந்த ஒரு சொல்லைத் தேடி எடுத்து வாய்க்குக் கொண்டுவரவே சுமார் 600 மில்லி விநாடி ஆகிறது. முழு வாக்கியத்துக்கு இன்னும் கூடும். 600 பிடிக்கிற வேலையை 200-இல் எப்படி முடிக்கிறோம்? அடுத்தவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நம் பதிலைத் தயார்செய்ய ஆரம்பித்துவிடுகிறோம். மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்து 2015-இல் நடந்த ஒரு சோதனை இதை நேரடியாகவே காட்டியது. விநாடி-வினா கேள்விகளில் விடைக்கான துப்பை நடுவிலேயே வைத்தால், கேள்வி முடியும்வரை மூளை காத்திருப்பதில்லை. துப்பு கிடைத்து அரை விநாடிக்குள் பதில் கட்டும் வேலை தொடங்கிவிடுகிறது.

ஆகவே 'பதில் யோசிக்காமல் கேளுங்கள்' என்கிற அறிவுரை, கண் இமைக்காமல் பாருங்கள் என்பதைப் போன்றது. யாராலும் முடியாது. யோசிப்பதில் தவறு இல்லை. பாதியில் யோசித்த பதிலை, வாக்கியம் முடிந்தபிறகும் மாற்றாமல் வைத்திருப்பதுதான் வினை.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் கூடுதல் ஆபத்து. நம் வாக்கியத்தின் உயிர் கடைசி அசையில் இருக்கிறது. "நாளைக்கு நான் உங்க வீட்டுப் பக்கம் வர..." என்பது வரை கேட்டால் ஒன்றுமே தெரியாது. வரேன், வரல, வரலாமா, வரமாட்டேன், வரணும் என்று எதுவாகவும் முடியலாம். ஆங்கிலத்தில் 'இல்லை' என்பது வாக்கியத்தின் ஆரம்பத்திலேயே வந்துவிடும். நாம் வால்வரை காத்திருக்கவேண்டும். அதனால் தமிழர்கள் பொறுமையாகக் கேட்பார்கள் என்று நினைத்தால், எந்தக் கல்யாண வீட்டிலும் போய் உட்கார்ந்து பாருங்கள். வினையைக் கடைசியில் வைக்கும் ஜப்பானியர்கள்தான் அந்தப் பத்தில் ஆக வேகமானவர்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். வால் வருவதற்கு முன்பே, குரலின் போக்கை வைத்து வாலை ஊகித்துவிடுகிறோம். பெரும்பாலும் சரியாகவே ஊகிக்கிறோம். தவறும்போதுதான் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று சண்டை வருகிறது.

இடைவெளிக்கும் ஒரு பொருள் உண்டு. "ஞாயித்துக்கிழமை வர்றீங்களா?" என்று கேட்டு, முக்கால் விநாடி மௌனம் நீடித்தாலே, வரப்போவது மறுப்பு என்று மனது சொல்லிவிடும். பிறகு வரும் "பார்க்கலாம்" என்ற சொல் வெறும் சம்பிரதாயம். இந்தக் கணக்கு நம்முள் அவ்வளவு ஆழத்தில் இருப்பதால் தொலைபேசி அதைக் குழப்பிவிடுகிறது. பெர்லின் ஆய்வாளர்கள் 2014-இல் கண்டது இது: இணைப்பில் செயற்கையாகத் தாமதத்தைச் சேர்த்தால், பேசுபவர்கள் குறையை இணைப்பின் மேல் போடுவதில்லை. எதிர்முனையில் இருப்பவர் கவனமில்லாதவர் என்று எண்ணிக்கொள்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து பேசும் மகன் 'முன்ன மாதிரி இல்ல' என்று வருந்துகிற அம்மாக்களில் சிலராவது சந்தேகப்படவேண்டியது சிக்னலைத்தான்.

*

நேரம் இல்லை என்பதே கேட்காததற்கு எல்லோரும் சொல்லும் காரணம். மருத்துவர்களிடம் அது உண்மையும்கூட. 67 நாடுகளின் தரவுகளைத் திரட்டி 2017-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, குடும்ப மருத்துவரிடம் நோயாளிக்குக் கிடைக்கும் சராசரி நேரம் ஸ்வீடனில் 22.5 நிமிடம், வங்கதேசத்தில் 48 விநாடி. இந்தியாவில் ஏறக்குறைய 2 நிமிடம்.

அமெரிக்க ஆய்வாளர்கள் ஹோவர்ட் பெக்மனும் ரிச்சர்ட் ஃபிராங்கெலும் 1984-இல் 74 சந்திப்புகளைப் பதிவுசெய்து ஆராய்ந்தார்கள். "என்ன பிரச்சினை?" என்று கேட்டபின் நோயாளி குறுக்கீடு இல்லாமல் பேசியது சராசரியாக 18 விநாடி. தொடங்கியதைச் சொல்லிமுடித்தவர்கள் 23 சதவீதம்தான். குறுக்கே விழுந்தவை பெரும்பாலும் நல்ல கேள்விகள்: வலி எத்தனை நாளாக, எந்தப் பக்கம் என்று. ஆனால் முதலில் வாயிலிருந்து வந்த தொல்லையே முக்கியமானது என்று எடுத்துக்கொண்டு மருத்துவர் அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறார். நோயாளியும் பின்னாலேயே போய்விடுகிறார்.

விட்டால் பேசிக்கொண்டே இருப்பார்களே என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. சுவிட்சர்லாந்தின் பாசல் நகர மருத்துவமனையில் அதைச் சோதித்தார்கள். 335 புறநோயாளிகள். மருத்துவர்கள் குறுக்கிடவே கூடாது. மறைவாக ஒரு கடிகாரம் ஓடும். 2002-இல் வந்த முடிவு: நோயாளிகள் தாங்களாகவே நிறுத்திக்கொள்ள எடுத்துக்கொண்டது சராசரியாக 92 விநாடி. ஐந்து நிமிடத்தைத் தாண்டியவர்கள் 7 பேர்தான். அவர்கள் சொன்னதும் தேவையானதே என்று மருத்துவர்களே கருதினார்கள்.

92 விநாடி நம் அரசு மருத்துவமனை புறநோயாளிப் பிரிவில் பெரிய நேரம் என்பது எனக்குத் தெரியும். டோக்கன் 140 வெளியே இருமிக்கொண்டிருக்கும்போது உள்ளே தத்துவம் பேச முடியாது. ஆனால் நேரமே எடுக்காத ஒரு மாற்றமும் சோதிக்கப்பட்டிருக்கிறது. ஜான் ஹெரிட்டேஜ் என்ற சமூகவியலாளரின் குழு 2007-இல் 20 மருத்துவர்களைக்கொண்டு செய்தது. நோயாளிகள் எத்தனை தொல்லைகளோடு வந்திருக்கிறார்கள் என்று காத்திருப்பு அறையிலேயே எழுதி வாங்கிக்கொண்டார்கள். உள்ளே, ஒரு பாதி மருத்துவர்கள் 'வேறு ஏதேனும் உண்டா' என்ற பொருளில் கேட்டார்கள். மறுபாதியினர், 'இன்னும் ஏதோ சொல்ல இருக்கிறது அல்லவா' என்ற சாயலில். ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம். முதல் கேள்வி, கேட்காமல் விட்டதற்குச் சமமாகவே போயிற்று. இரண்டாவது கேள்வி, சொல்லாமல் வீட்டுக்குத் திரும்பிப்போயிருக்கக்கூடிய தொல்லைகளில் 78 சதவீதத்தை வெளியே கொண்டுவந்தது. சந்திப்பின் நேரம் கூடவில்லை.

தமிழில் இதை யாராவது அளந்தால் எனக்கு மகிழ்ச்சி. பேனாவை மூடிக்கொண்டே "வேற ஒண்ணும் இல்லல்ல?" என்று கேட்டால் "இல்லைங்க" என்பதைத் தவிர வேறு என்ன பதில் வரும்? "வேற என்ன சொல்லணும்னு வந்தீங்க?" என்றால் ஆள் மறுபடி நாற்காலியில் உட்காருவார். கதவுப்பிடியில் கை வைத்தபின், "அப்புறம் டாக்டர், ரெண்டு நாளா நெஞ்சுல ஒரு மாதிரி..." என்று திரும்புகிறவர், கேள்வி சரியாக இருந்திருந்தால் உட்கார்ந்திருக்கும்போதே அதைச் சொல்லியிருப்பார்.

*

இதுவரை சரியாகக் கேட்காததால் வரும் நஷ்டத்தைப் பார்த்தோம். ஒரு 'ம்' போட்டதாலேயே வந்த நஷ்டம் ஒன்று இருக்கிறது. அதை விரிவாகச் சொல்லவேண்டும்.

1977 மார்ச் 27, ஞாயிற்றுக்கிழமை. ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரி தீவுகளில் ஒன்று டெனெரிஃப். பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் பல விமானங்களை டெனெரிஃபின் லாஸ் ரோடியோஸ் என்ற சின்ன நிலையத்துக்குத் திருப்பிவிட்டார்கள். அவற்றில் இரண்டு போயிங் 747: ஒன்று டச்சு நிறுவனமான கேஎல்எம்முடையது, இன்னொன்று அமெரிக்க பான் ஆம். இடநெருக்கடியில் பக்கவழிகள் அடைபட்டுவிட, இரண்டும் ஒரே ஓடுபாதையின் மேலேயே ஊர்ந்து மறுமுனைக்குப் போகவேண்டியிருந்தது. மூடுபனி இறங்கியிருந்தது. கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து பாதை தெரியவில்லை. ஒரு விமானத்துக்கு இன்னொன்று தெரியவில்லை. எல்லோருக்கும் ரேடியோவே கண்.

கேஎல்எம் முனைக்குப் போய்த் திரும்பி நின்றது. வானில் ஏறியபின் எந்த வழியாகப் போகவேண்டும் என்ற வழித்தட அனுமதியைக் கோபுரம் வாசித்தது. அது புறப்படுவதற்கான அனுமதி அல்ல. ஆனால் அந்த வாசகத்திலேயே 'டேக்-ஆஃப்' என்ற சொல் இருந்தது. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு, கடைசியில் "இப்போது டேக்-ஆஃபில் இருக்கிறோம்" என்று பொருள்படும் ஒரு துண்டைச் சேர்த்தார். அதற்குள் தலைமை விமானி யாக்கப் வெல்டுஹைசன் வான் ஸான்டன் விமானத்தை ஓடவிட்டிருந்தார். 'ஓட ஆரம்பித்துவிட்டோம்' என்பது துணை விமானி சொல்லவந்த பொருளாக இருக்கலாம். 'ஓடத் தயாராக முனையில் நிற்கிறோம்' என்று கோபுரம் எடுத்துக்கொண்டது. தமிழில்கூட அந்த வாக்கியம் இரண்டு பொருளும் தருவதைக் கவனியுங்கள்.

கோபுரம் சொன்ன பதிலின் முதல் சொல்: "ஓகே."

நம் 'ம்'முக்கு ஆங்கிலத் தம்பி அது. காதில் விழுந்தது, புரிந்தது, சம்மதம், மேலே சொல் என்று நான்கு வேலையையும் ஒரே சட்டையில் செய்யும். கட்டுப்பாட்டாளர் ஓரிரு விநாடி விட்டு, "காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன்" என்று தொடர்ந்தார். அதே நொடியில் பான் ஆம் விமானியும், தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருப்பதாக ரேடியோவில் சொன்னார். ஒரே அலைவரிசையில் இரண்டு குரல் மோதினால் இரண்டும் அழிந்து ஒரு கீச்சொலி மிஞ்சும். கேஎல்எம் விமானிகளின் காதில் தெளிவாக விழுந்தது அந்த "ஓகே" மட்டும்.

இன்னொரு வாய்ப்பும் இருந்தது. ஓடுபாதையைக் காலிசெய்ததும் தெரிவிக்கும்படி கோபுரம் பான் ஆமிடம் சொன்னதும், செய்கிறோம் என்று அது பதில் சொன்னதும் கேஎல்எம்முக்குக் கேட்டது. விமானப் பொறியாளருக்குப் பொறி தட்டியது. "அப்படியானால் அவர்கள் இன்னும் விலகவில்லையா?" என்று கேட்டார். "என்ன சொன்னாய்?" என்றார் தலைமை விமானி. "அந்தப் பான் அமெரிக்கன் விலகவில்லையா?" என்று பொறியாளர் மறுபடி கேட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி அழுத்தமாகச் சொன்னார். அவர் அந்த நிறுவனத்தின் 747 பயிற்சிப் பிரிவுக்கே தலைவர். கம்பெனி விளம்பரத்தில் படம் வந்தவர். பொறியாளர் மூன்றாவது முறை கேட்கவில்லை. சில விநாடிகளில் பனிக்குள்ளிருந்து பான் ஆம் தெரிந்தது.

583 பேர் இறந்தார்கள். கேஎல்எம்மில் இருந்த 248 பேரில் ஒருவரும் தப்பவில்லை. பான் ஆமில் 61 பேர் பிழைத்தார்கள். விமானப் போக்குவரத்து வரலாற்றில் இன்றுவரை இதைவிடப் பெரிய விபத்து இல்லை. இரண்டு விமானத்திலும் கோளாறு ஏதும் இல்லை.

அதன்பின் விமானிகளின் மொழியே இறுக்கப்பட்டது. 'டேக்-ஆஃப்' என்ற சொல்லை, உண்மையாகவே ஓட அனுமதி தரும்போதும் அதை ரத்துசெய்யும்போதும் தவிர வேறு எங்கும் உச்சரிப்பதில்லை. முக்கிய உத்தரவுகளுக்கு 'ஓகே' பதிலாகாது. கேட்டதைக் கேட்டபடி திருப்பிச் சொல்லவேண்டும், சொன்னவர் அதைக் காதுகொடுத்துச் சரிபார்க்கவேண்டும். தலைமை விமானியை இளையவர் கேள்வி கேட்பதும், அவர் அதைக் காதில் போட்டுக்கொள்வதும் 1980-களிலிருந்து பயிற்சியின் பகுதியாயின.

நம் ரயில்வேக்கு இந்தப் பாடம் வேறு வடிவத்தில் பழக்கம். அடுத்த ஸ்டேஷனுக்கு வண்டியை அனுப்ப 'லைன் கிளியர்' கேட்கும் ஸ்டேஷன் மாஸ்டர், எதிர்முனை "சரி" என்பதை ஏற்பதில்லை. அங்கே அச்சிட்ட தாளில் முன்பின்னாக இருக்கும் இரண்டு இலக்க எண்களில் அடுத்ததைச் சொல்லி, அதை அடித்துவிடுவார்கள். இவர் அதைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். 'பிரைவேட் நம்பர்' என்று பெயர். தூக்கக் கலக்கத்தில் 'ம்' சொல்லலாம். தூக்கக் கலக்கத்தில் தாளைப் பார்த்து 47 என்று சொல்ல முடியாது.

*

வீட்டில் யாரும் பிரைவேட் நம்பர் கொடுப்பதில்லை. அங்கே நம்மைக் காப்பாற்றுவது, ஒருவர் நடுவில் நிறுத்திக் கேட்கும் கேள்விதான்.

மொழியியலாளர் மார்க் டிங்கமான்ஸேயும் சகாக்களும் 12 மொழிகளின் உரையாடல்களை எடுத்து எண்ணினார்கள். மனிதர்கள் சராசரியாக 1.4 நிமிடத்துக்கு ஒருமுறை இப்படிக் குறுக்கே நிறுத்திச் சரிபார்த்துக்கொள்கிறார்கள் என்று 2015-இல் எழுதினார்கள். எல்லா மொழியிலும் மூன்று வகை. காதில் ஒன்றுமே விழவில்லை என்றால் "ஆங்?" (இந்த ஒலி உலகம் முழுக்க ஒரே சாயலில் இருப்பதைக் காட்டியதற்காக டிங்கமான்ஸே உட்பட மூவருக்கு அதே ஆண்டு இக் நோபல் பரிசும் கிடைத்தது.) பாதி விழுந்தது என்றால் "யாரு வந்தாங்க?" முக்கால்வாசி விழுந்தது என்றால், விழுந்ததைச் சொல்லிச் சரிபார்ப்பது: "மேலத்தெரு மாமாவா?" மனிதர்கள் முடிந்தவரை மூன்றாவதையே பயன்படுத்துகிறார்கள். அதில்தான் சொன்னவருக்கு வேலை குறைவு.

டெனெரிஃப் விமானி கேட்ட "என்ன சொன்னாய்?" முதல் வகை. பொறியாளர் கேட்டது மூன்றாவது வகை, ஆகத் துல்லியமான வகை. பதில்தான் தவறு.

தமிழ் இந்த விஷயத்தை ஒரே வினையில் அடக்கியிருக்கிறது. 'கேள்' என்றால் செவிகொடு, 'கேள்' என்றால் வினவு. திருக்குறளில் கேள்வி என்ற அதிகாரம் முழுக்கச் செவிச்செல்வம் பற்றியது. நாம் இன்று பரீட்சைத்தாளில் பார்க்கும் கேள்வி வேறு. சொல் ஒன்றுதான். ஆனால் பழக்கத்தில் இரண்டையும் பிரித்துவிட்டோம். பள்ளியில் "புரிஞ்சுதா?" என்று ஆசிரியர் கேட்டால் வகுப்பே "புரிஞ்சுது சார்" என்று ராகம் போடும். அந்த ராகம் ஒரு கூட்டு 'ம்'.

மருத்துவத்திலும் அதே கதை. சான் ஃபிரான்சிஸ்கோவில் நீரிழிவு நோயாளிகளிடம் மருத்துவர்கள் பேசியதைப் பதிவுசெய்து 2003-இல் வெளியிட்டார்கள். புதிதாகச் சொல்லப்பட்ட விஷயங்கள் 124. நோயாளிக்கு அது போய்ச் சேர்ந்ததா என்று மருத்துவர் சோதித்துப் பார்த்தவை 15. அப்படிச் சோதிக்கப்பட்ட நோயாளிகளுக்குச் சர்க்கரையும் மற்றவர்களைவிடக் கட்டுக்குள் இருந்தது. "புரிஞ்சுதா?" என்று கேட்பது சோதனை ஆகாது. "வீட்டுல மருமக கேட்டா மாத்திரைய எப்படிப் போடணும்னு சொல்லுவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். வெள்ளை மாத்திரை காலையில் என்பது சரியாக வரும். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதில் தடுக்கும்.

*

ஆச்சிக்கு எண்பதைத் தாண்டியபோது காது மந்தமானது. முதுமையில் முதலில் போவது உயர்ந்த சுருதி ஒலிகள். ச, த, ப போன்ற மெய்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக்காட்டும் மெல்லிய ஒலிகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. உயிரொலிகளும் குரலின் ஏற்ற இறக்கமும் தாழ்ந்த பகுதியில் இருப்பதால் வெகுநாள் தங்கும். அதனால்தான் அவர்கள், "சத்தம் கேக்குது, என்ன சொல்லுதேன்னுதான் தெரியல" என்கிறார்கள். கத்தினால் உயிரொலிதான் இன்னும் பெருக்கும், மெய்கள் தெளியாது.

பம்பாயில் வேலை கிடைத்து, கிளம்புவதற்கு முந்தின இரவு ஆச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்ன கம்பெனி, எங்கே தங்கப்போகிறேன், மாதம் எவ்வளவு அனுப்ப முடியும், பொங்கலுக்கு வர லீவு கிடைக்காது என்பதுவரை. பத்து நிமிடம் இருக்கும். ஆச்சி என்னையே பார்த்துக்கொண்டு, ஒன்றுகூடப் பிசகாமல், சரியான இடத்தில் 'ம்' கொட்டினாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

காலையில் பெட்டியை வாசலில் வைத்தபோது திண்ணையிலிருந்து கேட்டாள்: "ஏல, பெட்டியத் தூக்கிட்டு எங்க கெளம்பிட்ட?"

பஸ்ஸுக்கு இன்னும் அரைமணி இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன். முகத்தை அவள் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு, சத்தத்தைக் கூட்டாமல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். இந்தத் தடவை 'ம்' வரவில்லை. விசிறியை மடியில் வைத்துவிட்டு என் உதட்டையே பார்த்தாள்.

"பம்பாயா?" என்றாள். "நம்ம செல்லையா மவன் போயிட்டு வராமலே இருந்துட்டானே, அந்தப் பம்பாயா?"